தக்காளிக்கு எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது: ஐந்து சென்ட் நிலத்தில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாகத் தக்காளி நட்ட ஆண்டில், முதல் கொத்துக் காய்கள் எலுமிச்சை அளவுக்குத் திரண்ட வேளையில், அவற்றின் அடிமுனையில் நீர் கோத்தாற்போல ஒரு புள்ளி தோன்றி, நாலைந்து நாளில் அது கறுத்துக் குழிந்துபோவதைக் கண்டேன். அதை நோய் என்று எண்ணிப் பூஞ்சைக்கொல்லி தெளித்தேன். பிறகு யாரோ சொன்னார்கள் என்று முட்டை ஓட்டைப் பொடித்துத் தூரில் போட்டேன். அதன் பிறகு கடையில் கொடுத்த நுண்ணூட்டப் பொட்டலம் ஒன்றையும் கரைத்துத் தெளித்தேன். காய்கள் அழுகிக்கொண்டேதான் இருந்தன. நான்கு நாள் தண்ணீர் விடாமல் காயப்போட்டு ஐந்தாம் நாள் வரப்பு மூழ்க விட்ட என் பாசன முறைதான் காரணம் என்பது அந்தப் பருவம் முடிந்த பிறகே எனக்குத் தெளிவாயிற்று. தொடங்குபவர்கள் உரத்தை வாங்கும் முன் செடியையும் மண்ணையும் தண்ணீரையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால், இந்தக் கட்டுரையை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அளவுகள் அனைத்தையும் ஐந்து சென்ட் நிலத்துக்குக் கணக்கிட்டுள்ளேன், 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் அதில் ஏறத்தாழ 750 செடிகள் பிடிக்கும்.

மண் பரிசோதனை

நாற்று விடுவதற்கு ஒரு மாதம் முன்பே மண் மாதிரி எடுத்துவிடுவது நல்லது. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு, நிலத்தில் எட்டுப் பத்து இடங்களில் மேற்பரப்புச் சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, அதன் சுவரோரமாக மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தி அனுப்பலாம். நுண்ணூட்டங்களையும் பார்க்கச் சொல்வதாக இருந்தால், துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியில் மண்ணைச் சேர்க்காமல் பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துங்கள். வாளியின் துத்தநாகம் மண்ணில் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்தால் கிடைக்கும் மண் வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஒன்பது சத்துகளோடு, கார அமில நிலை (பி.எச்.), உப்பின் அளவு, அங்ககக் கரிமம் ஆகியவையும் அதில் அடங்கும். கால்சியம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் கரிசலிலும் சுண்ணாம்பு கலந்த செம்மண்ணிலும் கால்சியம் பெரும்பாலும் போதுமான அளவுக்கு இருக்கிறது. அது காய்க்குப் போய்ச் சேராததுதான் சிக்கல். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது கார அமில நிலை. 6 முதல் 7 வரை இருந்தால் தக்காளி எல்லாச் சத்தையும் தடையின்றி எடுத்துக்கொள்ளும். 8-ஐத் தாண்டிவிட்டால் மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் அவை கரையாத வடிவத்தில் பூட்டிக்கிடக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் மேலும் மேலும் மண்ணில் கொட்டுவதைவிட இலைவழியாகக் கொடுப்பதே பலன் தரும். அடுப்புச் சாம்பலைத் தூரில் போடும் வழக்கமும் இங்கேதான் பொருந்தாமல் போகிறது. சாம்பலில் பொட்டாஷ் உண்டு என்பது உண்மையே. ஆனால் அதில் சுண்ணாம்பும் உண்டு. புளிப்பான மண்ணுக்கு அது மருந்து, ஏற்கெனவே காரமான மண்ணுக்கு அது சுமை.

அடியுரம்

ஐந்து சென்ட் நிலத்துக்கு 500 கிலோ நன்கு மட்கிய தொழுவுரம் வேண்டும். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்குச் சொல்லும் 25 டன் என்ற அளவின் பங்கு. மட்கியது என்றால் சாண வாடை போய், கையில் எடுத்தால் சூடில்லாமல் பொலபொலவென உதிர வேண்டும். பச்சைச் சாணத்தை நேரே இட்டால் அது மட்கும்போது எழும் சூடு வேரைத் தாக்கும், கரையானும் வரும். கடைசி உழவின்போது தொழுவுரத்தோடு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கையும் கலந்துவிடுங்கள். அது வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுக்களையும் ஓரளவு அடக்கும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களில் தலா ஒரு 200 கிராம் பொட்டலத்தைப் பத்துக் கிலோ எருவில் பிசறி, ஒரு நாள் நிழலில் ஈரமாக வைத்திருந்து, பார்களில் தூவலாம்.

இயற்கை உரம் மட்டும் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தொழுவுரத்தில் ஏறத்தாழ அரை சதவீதம் தழைச்சத்து இருக்கும். அப்படியானால் 500 கிலோவில் இரண்டரைக் கிலோ இருக்கிறது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட முதல் பருவத்தில் செடிக்குக் கிடைப்பது அரிது, மிச்சம் அடுத்தடுத்த பருவங்களில்தான் வெளிவரும். பல்கலைக்கழகப் பரிந்துரையோ, வீரிய ஒட்டு அல்லாத ரகத் தக்காளிக்கு ஐந்து சென்ட்டுக்கு மொத்தம் 3 கிலோ தழைச்சத்து, 2 கிலோ மணிச்சத்து, 1 கிலோ சாம்பல்சத்து என்ற கணக்கில் வருகிறது. ஆகவே முழுக்க இயற்கை வழியில் போக விரும்புவோர் முதல் ஓரிரு ஆண்டுகள் மண்புழு உரம், பிண்ணாக்கு ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்க வேண்டியிருக்கும், விளைச்சல் சற்றுக் குறைவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ரசாயன உரத்தை விலக்காதவர்கள் அடியுரமாகப் பன்னிரண்டரைக் கிலோ சூப்பர் பாஸ்பேட்டை இட்டால் 2 கிலோ மணிச்சத்தோடு கால்சியமும் கந்தகமும் சேர்ந்தே கிடைக்கும். மணிச்சத்தைக் கொடுக்க டி.ஏ.பி.யைவிட (டை அமோனியம் பாஸ்பேட்) இதையே தக்காளிக்கு நான் விரும்புகிறேன்.

மண் வள அட்டை துத்தநாகம் குறைவு என்று காட்டினால் மட்டும் துத்தநாக சல்பேட் 1 கிலோவும், போரான் குறைவு என்று காட்டினால் மட்டும் போராக்ஸ் 200 கிராமும் இடலாம். இவற்றை ஐந்து கூடை மணலிலோ எருவிலோ கலந்து, நிலம் முழுவதும் சமமாக விழும்படி தூவ வேண்டும். துத்தநாகத்தைச் சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துப் பிசறக் கூடாது. மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். போராக்ஸில் கை தவறக் கூடாது. போரானைப் பொறுத்தவரை பற்றாக்குறைக்கும் நஞ்சாவதற்கும் இடையிலுள்ள இடைவெளி மிகவும் குறுகியது. இரட்டிப்பாக இட்டால் இலை விளிம்புகள் கருகிவிடும், இட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

நடவும் தண்ணீரும்

25 நாள் வயதுள்ள, தண்டு உருண்ட நாற்றுகளை மாலையில் நடுங்கள். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் வளர்த்த நாற்றாக இருந்தால் வேர் அறுபடாது. நடும்போது முதல் இலைக்குச் சற்றுக் கீழ்வரை தண்டை மண்ணுக்குள் இறக்கினால், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்.

தண்ணீரைப் பற்றி நான் சற்று நீட்டியே எழுதியாக வேண்டும். கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடு மேலே ஏறும் சத்து. இலைகள் நீரை ஆவியாக்கி இழுக்கின்றன, அதனால் இலைக்குக் கால்சியம் தாராளமாகப் போகிறது. காயின் தோலோ மெழுகு பூசியது போன்றது. அதன் வழியே நீர் அதிகம் ஆவியாவதில்லை. எனவே காய்க்குப் போகும் பங்கு எப்போதும் சிறிது. மண் காய்ந்து நீரோட்டம் தடைப்பட்டால் அந்தச் சிறு பங்கும் நின்றுவிடுகிறது. காம்பிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் அடிமுனையில் செல்கள் குலைந்து கறுக்கின்றன. இலையில் சேர்ந்த கால்சியம் திரும்பிக் காய்க்கு வராது என்பதால், செடி பச்சைப்பசேலென்று நிற்கும்போதே காய் அழுகும். அளவுக்கு மீறிய யூரியா, அளவுக்கு மீறிய பொட்டாஷ் ஆகியவையும் வேரில் கால்சியத்தோடு போட்டியிட்டு இதை மோசமாக்கும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். காரமான மண்ணில் அது பல மாதங்களானாலும் கரையாது, எனவே இந்தப் பருவக் காய்க்கு அது உதவப்போவதில்லை. மட்கு குழியில் போட்டுவிடுங்கள்.

சொட்டுநீர் இருந்தால் நாள்தோறும் சிறிதாகக் கொடுப்பது சிறந்தது. இல்லாதவர்கள் வேரோரத்தில் பத்து செ.மீ. ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகி, அழுத்தினால் உடைந்தால் ஈரம் போதும். உருட்டவே வராமல் உதிர்ந்தால் தண்ணீர் தாமதமாகிவிட்டது. கரும்புத் தோகை, வைக்கோல், கடலைத் தொலி ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதை மூன்று நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். ஒட்டன்சத்திரம், உடுமலை, பாலக்கோடு போன்ற தக்காளிச் சந்தைப் பகுதிகளில் பாத்தி மேல் மூடாக்குத் தாள் விரித்துச் சொட்டுநீரில் நடுகிறார்கள். களை கட்டுப்படுவதோடு ஈரம் சீராக இருப்பதும் அதன் பயன். காய் வெடிப்புக்கும் பெரும்பாலும் இதே கதைதான்: காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று மழையோ பாசனமோ கிடைத்தால் உள்ளே சதை விரிகிற வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல் பிளந்துவிடும்.

வளர்ச்சிக் காலத்து இயற்கைக் கரைசல்கள்

நட்ட 15-ஆம் நாளிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை ஜீவாமிர்தத்தைப் பாசன நீரோடு விடலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் என்பதால் ஐந்து சென்ட்டுக்குப் 10 லிட்டர் போதும். அதற்கு அரைக் கிலோ நாட்டு மாட்டுச் சாணம், அரை லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் தலா 100 கிராம், வரப்பு மண் ஒரு பிடி ஆகியவற்றை 10 லிட்டர் நீரில் கரைத்து, நிழலில் வைத்து, நாளுக்கு இருமுறை கலக்கிவிட்டு, மூன்றாம் நாள் பயன்படுத்துங்கள்.

கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய, சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும் பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி என்ற அளவில், மெல்லிய துணியில் வடிகட்டி, மாலையில் இலைகளில் தெளிக்கலாம். அளவைக் கூட்டினால் தளிர் கருகும். பஞ்சகவ்யம் செடியின் ஊக்கத்தையும் இலையின் பளபளப்பையும் கூட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சோறு அன்று. அதிலுள்ள நுண்ணுயிர்களும் வளர்ச்சிப் பொருள்களும்தான் வேலை செய்கின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகள் அதில் மிகச் சிறிதே இருப்பதால், எருவைக் குறைத்துவிட்டு அதை மட்டும் நம்பிய செடிகள் மூன்றாம் கொத்துக் காய்க்கு மேல் வெளிறிவிடுகின்றன.

நட்ட 30-ஆம் நாளில் களை எடுத்து, மேலுரம் இட்டு, மண் அணைத்து, குச்சி ஊன்றிக் கட்டுங்கள். இயற்கை வழியினர் ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கைப் பத்து லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்துச் செடிக்கு அரை லிட்டர் வீதம் ஊற்றலாம். இந்த அளவு 200 செடிகளுக்கு வரும். செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் சேர்ந்தால் நல்லது. யூரியா இடுவோர் மொத்தம் 3 கிலோவுக்கு மேல் போகாமல், அதையும் 30-ஆம் நாளும் 45-ஆம் நாளுமாக இரண்டாகப் பிரித்து இடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி புதர்போல் மண்டும், பூப்பது தள்ளிப்போகும், சாறுறிஞ்சும் பூச்சிகள் மொய்க்கும்.

இலையைப் படிப்பது

நுண்ணூட்டக் கடைக்குப் போகும் முன் செடியருகே உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மாற்றம் அடி இலையில் தொடங்கியதா, குருத்திலா? தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலைகளிலிருந்து அவற்றை உறிஞ்சித் தளிருக்கு அனுப்பிவிடுவதால் அடையாளம் அடி இலையில் தெரியும். இரும்பு, போரான், கால்சியம் ஆகியவை போன இடத்திலேயே தங்கிவிடுபவை என்பதால் அவற்றின் குறை குருத்தில் தெரியும். துத்தநாகக் குறையையும் பெரும்பாலும் மேற்பகுதியில்தான் காணலாம்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். லிட்டருக்கு 10 கிராம் மெக்னீசியம் சல்பேட் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்க வேண்டும். அடி இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் காய்ந்தால் பொட்டாஷ். குருத்திலை வெளிர் மஞ்சளாகி, அதில் நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்பு. லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டோடு 1 கிராம் சிட்ரிக் அமிலமோ சிறிது எலுமிச்சைச் சாறோ சேர்த்து உடனே தெளித்துவிடுங்கள், கரைசல் பழுப்பானால் அது வீண். இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, நரம்பிடையே மஞ்சள் படர்ந்தால் துத்தநாகம்; லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும், இலை கருகாமலிருக்க இரண்டரைக் கிராம் நீற்றிய சுண்ணாம்பின் தெளிவும் போதும். நுனிக்குருத்து கருகி, இலைக்காம்பை மடக்கினால் சட்டென்று ஒடிந்தால் போரான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, செடி குட்டையாகி, பூக்காமல் நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரியாக இருக்கலாம். துத்தநாகக் குறை என்று எண்ணி அதற்கு மருந்து தேடிக்கொண்டிருப்போர் பலர். சத்துக் குறை பொதுவாக நிலத்தின் ஒரு பகுதியில் பல செடிகளிலும் ஒரே மாதிரி வரும்; நச்சுயிரி முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும். அந்தச் செடிகளை எந்த உரமும் மீட்காது. பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்றவற்றைக் காப்பாற்றும்.

குறை எதுவென்று பிரித்தறிய முடியாத நிலையில் கலப்பு நுண்ணூட்டம் உதவும். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் காய்கறிகளுக்கென உருவாக்கிய அர்க்கா வெஜிடபிள் ஸ்பெஷல் பல வேளாண் அறிவியல் நிலையங்களில் கிடைக்கிறது. பொட்டலத்தில் குறித்துள்ள அளவை மீறாமல் கரைத்து, அதனுடன் எலுமிச்சைச் சாறும் ஒரு சிறு பாக்கெட் ஷாம்பும் சேர்த்துத் தெளித்தால் கரைசல் இலையில் ஒட்டிப் பரவும்.

பூவும் காயும்

நட்ட 30 முதல் 40 நாளில் பூ வரும். பூக்கத் தொடங்கும் முன் ஒருமுறையும் பிஞ்சு பிடித்ததும் ஒருமுறையும் லிட்டருக்கு 1 கிராம் போரிக் அமிலம் தெளிப்பது மகரந்தம் முளைக்கவும் காய் பிடிக்கவும் துணை செய்யும். இந்த இரண்டுக்கு மேல் வேண்டாம். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும் நாள்களில் எதைத் தெளித்தாலும் பூ உதிரத்தான் செய்யும். சித்திரை, வைகாசியில் பூக்கும்படி நடாமல் இருப்பதே அதற்கு வழி.

பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை, பிஞ்சுகள் நனையும்படி தெளியுங்கள். இலையில் மட்டும் தெளித்தால் காய்க்குப் போகாது என்பதற்கான காரணத்தை முன்பே பார்த்தோம். கால்சியம் நைட்ரேட்டை எந்த சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், தெளிப்பானின் மூக்கும் அடைபடும். உயிர் உரங்களையும் தாமிர மருந்துகளையும் ஒன்றாகக் கலப்பதும் கூடாது. ஐந்து சென்ட்டுக்கு 10 லிட்டர் டேங்க் ஒன்று, செடி நன்கு வளர்ந்தபின் இரண்டு தேவைப்படும்.

காயின் நிறத்துக்கும் கெட்டிக்கும் சுவைக்கும் பொட்டாஷ் முதன்மையானது. அது குறைந்த செடியில் பழம் திட்டுத்திட்டாகப் பழுக்கும். வெட்டினால் உள்ளே வெண்மையான கெட்டிப் பகுதி தெரியும். இரண்டாம் கொத்து திரளும்போது லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை இருமுறை தெளிக்கலாம். காம்பருகே பச்சையாக நிற்பதெல்லாம் குறையன்று. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகத்துக்குப் பச்சைத் தோள் அதன் இயல்பு. அதேபோல் கோடையில் பழம் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிட்டால் உரத்தைக் குறை சொல்ல வேண்டாம். சிவப்பைத் தரும் லைக்கோபீன் 30 பாகைக்கு மேல் சரியாக உருவாவதில்லை. அந்தக் காலத்தில் நிறம் திரும்பத் தொடங்கியதும் பறித்து, நிழலான இடத்தில் பரப்பிப் பழுக்கவைத்தால் நன்றாகவே சிவக்கிறது. வெயில் நேரே படாதபடி காய்களுக்கு மேலுள்ள இலைகளை விட்டுவைத்து, மண்ணைத் தொடும் அடி இலைகளை மட்டும் கிள்ளுங்கள்.

எந்த நாளில் எதை எவ்வளவு கொடுத்தீர்கள், ஒரு வாரம் கழித்து எந்த இலை எப்படி இருந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். தெளிக்காத நான்கைந்து செடிகளை அடையாளக் கயிறு கட்டி விட்டுவைத்தால் தெளிப்பு வேலை செய்ததா என்பது கண்கூடாகத் தெரியும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் நோயற்ற செடிகளை மட்கு குழிக்கும், நோயுற்றவற்றை நிலத்துக்கு வெளியேயும் கொண்டுபோய்விட்டு, அடுத்த பட்டத்தில் அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், உருளை ஆகிய அதே குடும்பத்துப் பயிர்களைத் தவிர்த்து, தட்டைப்பயறோ உளுந்தோ விதையுங்கள். துத்தநாகமும் போராக்ஸும் இட்டிருந்தால், அடுத்த மண் பரிசோதனை வரும்வரை அவற்றை மறுபடி மண்ணில் இட வேண்டியதில்லை.